நிலத்தின் நிறங்களில் ஒரு டார்டன்

டார்டன் என்பது நிறப் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக் கட்டம் கட்டமாகத் தெரியும் ஸ்காட்லாந்துத் துணி. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவைப் போன்ற மேட்டுநிலத்தை அதில் நெய்ய நான்கு நிறம் போதும்: பாறைச் சாம்பல், புல் பச்சை, ஹெதர் பூவின் ஊதா, மூதாதையர் நினைவாக மெல்லிய வெள்ளைக் கோடு. பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) கலக்கும்போது இந்த நான்கே பத்துச் சாயல்களாகிவிடும். ஆறு நிறம் எடுத்தால் இருபத்தொன்று; தூரத்தில் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும்.

இழைக்கணக்கு, அதாவது ஒவ்வொரு பட்டைக்கும் எத்தனை இழை என்பது: சாம்பல் 40, பச்சை 32, ஊதா 24, வெள்ளை 4. இரு முனைகளான சாம்பலும் வெள்ளையும் திரும்பும் இடங்கள். அங்கிருந்து வரிசை தலைகீழாகும். முனைப் பட்டையை மட்டும் இரண்டாம் முறை எண்ணக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான், வெள்ளைக் கோடு இரட்டிப்பாகத் தடித்துவிடும். சரியாக எண்ணினால் ஒரு சுற்றுக்கு 156 இழை. சென்டிமீட்டருக்கு 10 இழை வைத்தால் 15.6 செ.மீ.

ஊடை இரண்டு பா இழைக்கு மேல், இரண்டுக்குக் கீழ் எனப் போய்ச் சாய்கோடுகள் விழும் ட்வில் நெசவு. ஊடையும் பாவின் அதே வரிசையில், அதே அடர்த்தியில் போக வேண்டும். அழுத்தி அடித்தால் சதுரங்கள் நசுங்கும். அந்தச் சாய்கோடு 45 பாகையில் ஓடுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். கம்பளி துவைத்தால் சுருங்கும். மாதிரித் துண்டைத் துவைத்தபின் அளந்து கணக்கை முடிவு செய்யுங்கள்.

பெயர் சூட்டிப் பதிய விரும்பினால், 2008 சட்டத்தின்படி அமைந்த ஸ்காட்லாந்து டார்டன் பதிவேடு இருக்கிறது. விண்ணப்பத்தில் இழைக்கணக்கும் படமும் கேட்பார்கள்.