கடைசி ஆளான ஸ்வீப் வரும்வரை நகராதீர்கள்: இங்கிலாந்தின் மூர் சாலைகளில் குழுவாக பைக் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஹாஸ் என்ற சின்ன ஊரில் நின்றிருந்தேன். ஞாயிறு என்றால் அதன் கடைத்தெரு நெடுக பைக்குகள்தான். டீ வாங்கிக்கொண்டு திரும்பினால் பக்கத்தில் தமிழ்ப் பேச்சு. ஏழெட்டு பேர். வேலைக்காக இங்கே வந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். லைசென்ஸும் புதுசு, வண்டியும் புதுசு. அவர்களில் மூத்தவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒருத்தர் நில்லுங்க. எல்லாரும் வந்ததும் கிளம்பிடுங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் இதே வார்த்தைகளை நான் சொல்லியிருக்கிறேன். அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை, என்னை நம்பி வந்த ஒரு தம்பி. அதனால் கூச்சப்படாமல் அவர்களிடம் போய்ப் பேசினேன். அன்று அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

ஹெல்மெட் போடுவது, டயரில் காற்று பார்ப்பது, குடித்துவிட்டு ஓட்டாமல் இருப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூர் என்பது மரமே இல்லாத மேட்டு நிலம். கறுத்த பீட் மண், முழங்கால் உயர ஹெதர் புதர், நிற்காத காற்று. ஊட்டியைத் தாண்டி அவலாஞ்சிப் பக்கத்துப் புல்வெளிகளைப் பார்த்தவர்களுக்கு ஓரளவு மனதில் வரும். பீக் டிஸ்ட்ரிக்ட், டார்ட்மூர் (இரண்டும் 1951), நார்த் யார்க் மூர்ஸ் (1952), யார்க்‌ஷயர் டேல்ஸ், எக்ஸ்மூர் (இரண்டும் 1954) ஆகிய தேசியப் பூங்காக்களில் இந்த நிலத்தை நிறையப் பார்க்கலாம். பூங்கா என்றதும் கேட்டும் நுழைவுச்சீட்டும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உள்ளேயே ஊர்களும் பண்ணைகளும் உண்டு, பொதுச்சாலைகளும் உண்டு. நம்மூரைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அதனாலேயே பலரும் எல்லாம் பழக்கப்பட்டதுதானே என்று வந்துவிடுகிறார்கள்.

மார்க்கர் இடத்தை விட்டுக் கிளம்புவது

இதைத்தான் நீளமாக எழுதப்போகிறேன். இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

முதலில் முறை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் போகிறவர் லீட், கடைசியில் வருகிறவர் ஸ்வீப். இந்த இருவரும் நாள் முழுக்க மாற மாட்டார்கள். திருப்பம் வந்ததும், லீடுக்கு அடுத்து வருகிறவர் அங்கே ஓரமாக நிறுத்தி, போக வேண்டிய திசையைக் கையால் காட்டுவார். அவர்தான் மார்க்கர். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள். ஸ்வீப் வந்ததும் மார்க்கர் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்துக்கு, அப்போது இரண்டாவதாக வருகிறவர் மார்க்கர். இதில் யாருக்கும் வழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, முன்னால் போகும் வண்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியதும் இல்லை. அவரவர் வேகத்தில் வரலாம். குழுவாகப் போவதற்கு இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரே ஒருவர் ஒரே ஒரு நிமிடம் முன்னால் கிளம்பிவிட்டால் மொத்தமும் குலைந்துவிடும்.

அன்று நாங்கள் எட்டு வண்டி. ஹாஸிலிருந்து பட்டர்டப்ஸ் கணவாய் ஏறி இறங்கி, டான் ஹில் விடுதிக்குப் போய்ச் சாப்பிடுவதாகத் திட்டம். பட்டர்டப்ஸ் 526 மீட்டர் உயரம். சாலையோரத்திலேயே சுண்ணாம்புப் பாறையில் கிணறு போல ஆழமான குழிகள் இருக்கும். சந்தைக்குப் போகும் விவசாயிகள் வழியில் இளைப்பாறும்போது வெண்ணெய் உருகாமல் இருக்க இந்தக் குழிகளில் இறக்கி வைப்பார்களாம். பெயர் வந்த கதை அது. 2014-இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் முதல் நாள் பாதை இந்த ஏற்றம் வழியாகத்தான் போனது. அதனால் எல்லோருக்கும் அங்கே நின்று படம் எடுக்க ஆசை. எங்கள் குழுவில் வண்டிக்கு மிகவும் புதிய தம்பி ஒருவரும் நின்றார். அவருக்காக இன்னொருவரும் ஸ்வீப்பும் நின்றார்கள். அதுவரை தவறே இல்லை.

கணவாய் இறங்கியதும் சாலை முட்டி நின்று இரண்டாகப் பிரியும். இடது போனால் த்வெயிட், கெல்ட் வழியாக டான் ஹில். வலது போனால் மியூக்கர், கனர்சைடு, ரீத். நான் இடது திரும்பினேன். என் பின்னால் வந்த நண்பர் மார்க்கராக நின்றார். தூறல் ஆரம்பித்துவிட்டது. தூறலில் எதிரே வரும் பைக் வெறும் ஒரு விளக்காகத்தான் தெரியும். எல்லோருக்கும் கறுப்பு ஜாக்கெட், கறுப்பு ஹெல்மெட். தனக்குப் பின்னால் ஆறு வண்டி வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆறு வண்டி எண்ணினார், கிளம்பி வந்துவிட்டார்.

அந்த ஆறில் மூன்று வண்டிகள்தான் எங்களுடையவை. மற்ற மூன்றும் வேறு யாரோ.

டான் ஹில்லில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எல்லாரும் வந்துட்டாங்கண்ணா, நான் எண்ணினேன்."

பின்னால் வந்த மூவரும் சாலை பிரியும் அந்த இடத்துக்கு வந்தபோது அங்கே ஆளே இல்லை. காலையில் பேச்சில் ரீத் என்ற பெயர் அடிபட்டதாக ஒருவருக்கு ஞாபகம். வலது திரும்பிவிட்டார்கள். போனில் சிக்னல் இல்லை. ரீத் போய் விசாரித்தால், ஆர்கன்கார்த்டேல் வழியாகவும் டான் ஹில் போகலாம் என்று யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள். போகலாம்தான். மொத்தத்தில் சுமார் 20 மைல் சுற்று, அதில் கடைசிப் பகுதி வேலியே இல்லாத மூர் சாலை. நாங்கள் தேடிக்கொண்டிருப்போமே என்ற பதற்றத்தில் ஸ்வீப், "நான் முன்னாடி போய்ச் சொல்லிடறேன்" என்று முறுக்கிக்கொண்டு போனார். இன்னொருவர் அவர் பின்னால். புதிய தம்பி கடைசியில் தனியாக. முன்னால் போன இரண்டு சிவப்பு விளக்குகளைப் பிடிக்க அவரும் முறுக்கியிருக்கிறார். ஒரு வளைவு தாண்டியதும் சாலை நடுவில் ஆடு.

தம்பிக்குக் காரை எலும்பு முறிந்தது, வண்டியின் முன் ஃபோர்க் வளைந்தது, ஆடு செத்துப்போனது. எங்களுக்கு விஷயம் தெரிய இரண்டு மணி நேரம் ஆனது.

மார்க்கராக நின்ற நண்பர் பொறுப்பில்லாதவர் இல்லை. சொன்னதைச் செய்தார். நான் சொன்னதுதான் தப்பு. "எல்லாரும் வந்ததும்" என்றால் நிற்பவர் எண்ணத்தான் செய்வார். எண்ணிக்கை தப்பும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஹாஸ் சுற்றுவட்டாரத்தில் தப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இப்போது நான் சொல்வது ஒரே வாக்கியம்: ஆரஞ்சு ஜாக்கெட் உங்களைத் தாண்டும் இடத்துக்கு வரும்வரை நகரக் கூடாது. ஸ்வீப்புக்கு மட்டும்தான் ஆரஞ்சு ஜாக்கெட், வேறு யாருக்கும் கிடையாது. காலையில் வண்டி எடுக்கும் முன் ஒவ்வொருவரையும் அதைத் திருப்பிச் சொல்ல வைக்கிறேன். பெரியவர்களிடம் போய் இப்படிக் கேட்பதா என்று முதலில் தயக்கமாக இருந்தது. இப்போது இல்லை.

மழை வந்தாலும் நில்லுங்கள். இருபது நிமிடம் ஆனாலும் நில்லுங்கள். தூரத்தில் மரத்தடியில் ஒதுங்கி நின்றால் வருகிறவருக்குத் தெரியாது. திருப்பத்துக்குச் சற்று முன்னாலேயே, வளைவில் இல்லாமல், வருகிறவர் முன்கூட்டியே பார்க்கும் இடத்தில் நிறுத்தி இண்டிகேட்டரைப் போட்டுவையுங்கள். அவரவர் பார்த்துக்கொள்வார்கள் என்று போனில் மூழ்கிவிடாதீர்கள். ஸ்வீப் உங்களைப் பார்த்து ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்ததும் கிளம்புங்கள்.

இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும், அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிரியும் இடத்துக்கு வந்து மார்க்கர் இல்லை என்றால், இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்துத் திரும்பாதீர்கள். அங்கேயே நின்றுவிடுங்கள். லீட் பின்னால் ஆள் வரவில்லை என்று தெரிந்ததும், வந்த வழியிலேயே திரும்பி வருவார். நீங்கள் நகராமல் இருந்தால் அவர் கண்ணில் படுவீர்கள். அவர் வரும்போது தனியாகத்தான் வர வேண்டும், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். எல்லோரும் எல்லோரையும் தேடக் கிளம்பினால் சாயங்காலம் வரை தேட வேண்டியதுதான்.

"இன்டர்காம் இருக்கே" என்று கேட்பார்கள். நடுவில் ஒரு மலை வந்ததும் அது ஊமையாகிவிடும். போனை நம்பாதீர்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தாலும் அவசர உதவி எண்ணான 999 போகும். பேச முடியாத அளவுக்கு சிக்னல் பலவீனமாக இருந்தால் குறுஞ்செய்தி உதவும். ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிய வேண்டும்: ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி செய்தால் போதும். வீட்டிலிருந்தே செய்துவிடுங்கள்.

புதியவரைக் கடைசியில் விடுவது

மெதுவாக வருகிறவர் பின்னால் வரட்டும் என்பது நல்லெண்ணம்தான். ஆனால் குழு என்பது ரப்பர் பேண்ட் மாதிரி. லீட் ஊரைத் தாண்டி 40-லிருந்து 60 மைலுக்கு ஏற்றும்போது, கடைசி ஆள் இன்னும் ஊருக்குள் 30-இல் இருப்பார். இடைவெளி விழுந்ததும் அதை மூட அவர் லீடைவிட வேகமாக ஓட்ட வேண்டிவரும். அதாவது குழுவிலேயே அனுபவம் குறைந்தவர்தான் குழுவிலேயே அதிக வேகத்தில் போவார். அவரை லீடுக்கு அடுத்து வையுங்கள், லீட் கண்ணாடியில் அவரைப் பார்த்து வேகத்தை வைத்துக்கொள்ளட்டும். ஒரு சிக்கல்: இரண்டாவது ஆள்தான் மார்க்கர் என்பதால், முதல் திருப்பத்திலேயே அவர் பின்னுக்குப் போய்விடுவார். எனவே முதல் நாள் அவருக்கு மார்க்கர் வேலை வேண்டாம், மூன்றாவது வண்டி நிற்கட்டும் என்று காலையிலேயே பேசிவிடுங்கள்.

முன்னவர் ஓவர்டேக் செய்தார் என்று பின்னாலேயே போவது

அவர் பார்த்த காலிச் சாலை அவருக்குத்தான்.

பெட்ரோல்

யாருடைய டேங்க் சின்னதோ, குழுவின் கணக்கு அவருடைய கணக்கு.

ஒரே நாளில் மூன்று பூங்கா

வரைபடத்தில் பீக் டிஸ்ட்ரிக்ட், டேல்ஸ், நார்த் யார்க் மூர்ஸ் மூன்றும் பக்கத்து வீடு மாதிரி தெரியும். மோட்டார்வேயில் வேண்டுமானால் அப்படி. மூர் சாலையில் மணிக்கு 30 மைல் சராசரி கிடைத்தாலே எனக்குத் திருப்தி. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் வேறு பலகை இல்லையென்றால் வரம்பு 60 மைல், ஆனால் பல இடங்களில் அந்த வேகத்தில் போகவே முடியாது. டார்ட்மூரின் திறந்த மூர் பகுதியில் வரம்பே 40 மைல். மேக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து பக்ஸ்டன் போகும் கேட் அண்ட் ஃபிடில் சாலையில் சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு பூங்கா, 120 மைல் என்று வைத்துக்கொண்டால் நின்று பார்க்கவும் நேரம் இருக்கும். வேகமாகக் கடந்தவர்களுக்கு ஆகஸ்ட் ஹெதரின் ஊதா நிறம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். வண்டியை நிறுத்தி எஞ்ஜினை அணைத்தவர்களுக்குத் தேனீக்களின் சத்தமும் கேட்கும்.

கேட்டில் கிரிட் (cattle grid) மீது பிரேக் பிடிப்பது

கால்நடை தாண்டாமல் இருக்கச் சாலையின் குறுக்கே பதித்த இரும்புக் குழாய்கள். மழையில் எண்ணெய் தடவியது போல வழுக்கும். வேகத்தை முன்னாலேயே குறைத்துவிட்டு, வண்டியை நிமிர்த்தி, நேராக, பிரேக்கைத் தொடாமல்.

கீழே அடிக்கும் வெயிலை நம்புவது

டான் ஹில் விடுதி 528 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பிரிட்டனிலேயே உயரமான பப் அதுதான். 2021 நவம்பரில் ஆர்வென் புயலில் பனி மூடி, 60 பேருக்கு மேல் மூன்று இரவு அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். கோடையில் பனி இருக்காது. ஆனால் கீழே டீ-ஷர்ட் வெயிலில் கிளம்பி, மேலே போனதும் கைவிரல் மரத்து கிளட்ச் பிடிக்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மழைக்கோட்டும் இன்னொரு ஜோடி கையுறையும் பையின் மேலேயே இருக்கட்டும்.

ஆட்டைப் பார்த்து ஹாரன் அடிப்பது

நம்மூர்ப் பழக்கம் இது. அங்கே ஆட்டுடன் மேய்ப்பவர் இருப்பார். இங்கே இருக்க மாட்டார். ஹாரன் கேட்டதும் ஆடு எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது.

அன்று சத்தம் கேட்டு நான்கு சக்கர பைக்கில் வந்தவர் ஒரு வயதான பண்ணைக்காரர். முதலில் தம்பியை அசையாமல் படுக்க வைத்து, தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தியிருக்கிறார். அவர்தான் பண்ணை வீட்டுக்குப் போய் ஆம்புலன்ஸுக்குச் சொன்னவர். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஆட்டின் பக்கத்தில் முழங்காலிட்டு, நனைந்த கம்பளியைக் கையால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்த முகம், வெள்ளை மூக்கு, வளைந்த கொம்பு. டேல்ஸ் பூங்காவின் சின்னத்தில் இருக்கும் அதே ஸ்வேல்டேல் இனம். விலாவில் சிவப்புச் சாயத்தில் ஒரு குறி. குறியைப் பார்த்ததும் தன்னுடையது இல்லை, பக்கத்துப் பண்ணையுடையது என்று சொல்லிவிட்டார்.

வேலி இல்லாமல் ஆடுகள் எப்படித் தங்கள் இடத்திலேயே நிற்கின்றன என்று அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஹெஃப்டிங் என்கிறார்கள். தாய் ஆடு தான் மேயும் எல்லையைக் குட்டிக்குப் பழக்குகிறது, குட்டி வளர்ந்து தன் குட்டிக்குப் பழக்குகிறது. தலைமுறை தலைமுறையாக இப்படி. அதனால் ஒரு தாய் ஆடு செத்தால் சந்தையில் வேறு ஆடு வாங்கி அந்த இடத்தை நிரப்பிவிட முடியாது. அந்த மேட்டு எல்லை அதற்குத் தெரியாது.

சாலையின் ஒரு பக்கம் குட்டியும் மறு பக்கம் தாயும் நின்றால், குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும் என்று வைத்துக்கொண்டு நடை வேகத்துக்கு வந்துவிடுங்கள். ஒரு ஆடு தாண்டினால் அடுத்ததும் தாண்டும். ஹாரன் வேண்டாம், எஞ்ஜினை உறுமவும் வேண்டாம். ஆட்டின் மீதோ மாட்டின் மீதோ குதிரையின் மீதோ நாயின் மீதோ மோதிவிட்டால் நிற்க வேண்டும், சட்டம் அது. உரிமையாளரிடமோ சம்பந்தப்பட்ட வேறு யாரிடமோ உங்கள் விவரத்தைக் கொடுக்க முடியாவிட்டால், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லிவிட வேண்டும். ஆட்டின் விலாவில் உள்ள குறியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாருடையது என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.