பழைய கோல்ஃப் ஜிடிஐக்குப் பெரிய பிரேக்: வீட்டு வாசலிலேயே மாற்றுவது எப்படி?

வேல்ஸில் ஒரு மலை இறக்கம். நான்கைந்து வளைவு தாண்டியதும் பெடல் பஞ்சை மிதிப்பது போல ஆகிவிட்டது. கருகிய வாசம் வேறு. வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. என்னுடையது நான்காம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, 1.8 டர்போ. இருபது வயதைத் தாண்டியும் ஓடுவதில் குறை வைக்காத வண்டி.

லண்டன் திரும்பிய அன்று இரவே, சிவப்புப் பெயின்ட் அடித்த நான்கு பிஸ்டன் காலிப்பர் செட்டுகளைத் தேட உட்கார்ந்தேன். வீலோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடுகளால் இறுக்கிப் பிடிப்பதுதான் காலிப்பர், பேடைத் தள்ளுவது அதன் பிஸ்டன். விலை கிட்டத்தட்ட வண்டி விலைக்கே வந்தது. வெறுத்துப்போய் அந்த வார இறுதியில் பிரேக் ஆயிலை மட்டும் மாற்றினேன். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விட்டது. மீதிப் பாதிக்கு ஃபோக்ஸ்வாகன் கம்பெனியே பாகம் செய்து வைத்திருந்தது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பெரிய டிஸ்க் எதற்கு?

பெரிய டிஸ்க் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு தடவை பலமாக மிதித்து, வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பிரேக் பிடிக்கிறது என்றால், நிற்கும் தூரம் அதற்குமேல் டயர் கையில்தான் இருக்கிறது. டயர் தேய்ந்திருந்தால் முதல் பணத்தை அங்கே போடுங்கள். பெரிய டிஸ்க் உதவுவது ஐந்தாவது, ஆறாவது மிதியில். அதாவது சூட்டைத் தாங்குவதில்.

ஒரு சின்னக் கணக்கு. ஆளோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 112 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால், ஏறக்குறைய 630 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறும். இரண்டு லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஒரே ஒரு மிதிக்கு இவ்வளவு! அதில் பெரும்பங்கு முன்பக்க டிஸ்க் இரண்டின் தலையில் விழுகிறது. மலை இறக்கத்தில் ஆறுவதற்கு நேரமே கிடையாது.

உங்கள் வண்டியில் இருப்பது எது?

நான்காம் தலைமுறை கோல்ஃப் 1997இல் வந்தது. எஞ்சினுக்குத் தகுந்தாற்போல முன்பக்க டிஸ்க் அளவு மாறும். ஜிடிஐகளில் அதிகம் காண்பது 280 மி.மீ. விட்டமும் 22 மி.மீ. தடிமனும் உள்ளது, இல்லையென்றால் 288-க்கு 25. வீலைக் கழற்றாமல் கம்பி இடுக்கில் டேப் விட்டு அளந்தால் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஏமாந்துவிடுவீர்கள். கழற்றியே அளங்கள்.

288 இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதில் இருக்கும் எஃப்என்3 காலிப்பர்தான் 312 மி.மீ. டிஸ்க் போட்ட முதல் தலைமுறை ஆடி டிடியிலும், கோல்ஃப் ஜிடிஐயின் 25ஆம் ஆண்டு நினைவுப் பதிப்பிலும் இருந்தது. மாறுவது டிஸ்க்கும், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டும்தான். இங்குள்ள கடைகளில் பிராக்கெட்டைக் கேரியர் என்று கேட்டால்தான் புரியும். காலிப்பர் அதே காலிப்பர், ஹோஸ் அதே ஹோஸ். ஆயில் லைனைத் திறக்கவே வேண்டாம். 280 வைத்திருப்பவர்கள் குறைந்தது காலிப்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும், லைனைத் திறந்து ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே நுழைந்த காற்றை வெளியேற்ற வேண்டும். முதல் முறை செய்பவர்கள் அதைத் தனியாகத் தொடாதீர்கள், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். 312 டிஸ்க் 15 அங்குல வீலுக்குள் நுழையாது. குறைந்தது 16 வேண்டும்.

முதலில் ஆயில்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. காலிப்பருக்குள் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிவிட்டால், நம் கால் அழுத்துவது அந்தக் குமிழியைத்தான். வேல்ஸில் என் பெடல் பஞ்சானது இப்படித்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய ஆயிலை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எப்போது மாற்றினாரோ, வெளியே வந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

புது டாட் 4 அல்லது டாட் 5.1 வாங்குங்கள். வெறும் டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கான் ஆயில், இந்த வண்டிக்குக் கூடாது. பெயின்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

பழைய ஆயிலை வெளியேற்றுவதும் ஏர் எடுக்கும் அதே முறையில்தான், உதவிக்கு ஒரு ஆள் வேண்டும். எனக்கு அக்கா மகன். காலிப்பரில் ஆயிலைத் திறந்துவிடும் சின்னத் திருகான பிளீடர் நிப்பிளில் ரிங் ஸ்பேனரைப் போட்டு, அதன்மேல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறு முனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கி வையுங்கள். "மிதி" என்றால் அவன் மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, அதற்குப் பிறகுதான் "விடு". "மாமா, நான் அப்பவே விட்டுட்டேனே" என்ற குரல் வந்தால் காற்று உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், அந்த வீலை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான வீலில் தொடங்குவது பொதுவான வழக்கம். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு வரிசை சொன்னால் புத்தகம் சொல்வதே சரி.

இந்த வண்டியில் கிளட்சும் அதே ஆயில் டப்பாவில்தான் குடிக்கிறது. டப்பாவில் மட்டம் இறங்க விட்டால் கிளட்சிலும் காற்று ஏறும். அப்புறம், பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதிக்கு ரப்பர் சீல் பல வருடமாகப் போயிருக்காது. அங்கே துரு இருக்கலாம். பெடலைத் தரைவரை மிதித்தால் சீல் கிழியும்.

வாங்க வேண்டியவை

312 டிஸ்க் ஒரு ஜோடி, அதற்கான பிராக்கெட் ஒரு ஜோடி, பிராக்கெட் போல்ட் நான்கு புதிதாக, நல்ல சாலைத் தரப் பேட் ஒரு செட். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகுதான். சூட்டில் அந்த ஓட்டை ஓரத்திலிருந்துதான் விரிசல் விடும். ரேஸ் பேடும் வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும். ஜனவரி மாதக் காலை மழையில் முதல் சிக்னலில் நிற்பதற்கு அது உதவாது. பழைய பிராக்கெட் மலிவாகக் கிடைக்கும், தாராளமாக வாங்கலாம், துருவைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். டிஸ்க்கையும் பேடையும் மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழையதாக வாங்காதீர்கள்.

கழற்றுவது

சமதரை, ஹேண்ட் பிரேக், பின் வீலுக்குக் கட்டை. வீல் போல்ட்டைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

காலிப்பரின் வெளிப்பக்கம் நீளமான கம்பி ஸ்பிரிங் ஒன்று இருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும், முகத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள், துள்ளும். பின்பக்கம் இரண்டு ரப்பர் மூடியைக் கழற்றினால், காலிப்பரைப் பிராக்கெட்டோடு பிணைக்கும் கைடு பின் தெரியும், 7 மி.மீ. ஆலன் கீ வேண்டும். சில வண்டிகளில் பேட் தேய்ந்ததைக் காட்டும் வயர் இருக்கும், அதன் பிளக்கை முதலில் கழற்றிவிடுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடவே கூடாது. சட்டை மாட்டும் கம்பி ஹேங்கர் ஒன்றை வளைத்து, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் மாட்டித் தொங்க விடுங்கள். ஹோஸையும் அப்போதே வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திப் புது ஹோஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட். நீளமான கைப்பிடி இல்லாமல் அசையாது. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் நட்சத்திரக் குழி உள்ள சின்ன டார்க்ஸ் திருகுதான் உண்மையான வில்லன். துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின இரவே துரு எண்ணெய் விட்டு, கழற்றும் முன் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். அப்படியும் தலை வழுக்கிவிட்டால் துளைத்து எடுக்க வேண்டியதுதான். பயப்பட வேண்டாம், அது டிஸ்க்கை இடத்தில் நிறுத்தி வைக்க மட்டும்தான். வீல் போல்ட்தான் உண்மையில் டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது.

ஹப்பில் ஒரு துருச் செதில்

இங்கேதான் நான் முதல் தடவை கோட்டை விட்டேன். டிஸ்க் கழன்றதும், அதுவும் வீலும் உட்காரும் ஹப்பின் முகம் தெரியும், பழுப்பாக, செதில் செதிலாக. துணியால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு மேலேயே புது டிஸ்க்கை மாட்டினேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு நெடுஞ்சாலையில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் கையில் நடுங்க ஆரம்பித்தது. டிஸ்க் கோணிவிட்டது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே கழற்றினேன். பின்னால் விரல் நக அளவுக்குத் துருச் செதில் ஒன்று அப்பளம் மாதிரி நசுங்கி ஒட்டியிருந்தது.

ஹப்பில் முடி அளவு மேடு இருந்தால் டிஸ்க்கின் விளிம்பில் அது பெரிதாகும். பிரேக் போடாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடை உரசிக்கொண்டே போகும். கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்தின் தடிமன் மாறும். அந்த ஏற்ற இறக்கம்தான் கைக்கு நடுக்கமாக வருகிறது. டிஸ்க் கோணவே இல்லை. அதனால் வயர் பிரஷ் எடுத்து உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் சரி. விரல் நுனியால் சுற்றித் தடவினால் எங்கும் தட்டக் கூடாது.

மாட்டுவது

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனரால் இரு பக்கமும் துடைத்துவிடுங்கள். டிஸ்க்கை மாட்டிக் கையால் சுற்றுங்கள். பின்னாலுள்ள தகட்டு மறைப்பில் உரசினால் அதன் ஓரத்தைக் கையாலேயே வளைத்துவிடலாம். பெரிய பிராக்கெட்டை மாட்டி 125 நியூட்டன் மீட்டருக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கைக்கணக்கு வேண்டாம்.

பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு மெதுவாக உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பா நிரம்பி வழியும், முதலிலேயே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கைடு பின்னுக்குக் கிரீஸ் பூச எல்லோருக்கும் கை துருதுருக்கும். இந்தக் காலிப்பரில் அது ரப்பர் புஷ்ஷுக்குள் ஓடுகிறது. சுத்தமாகத் துடைத்து உலர்ந்தபடியே போட வேண்டும். இறுக்கம் 28 நியூட்டன் மீட்டர். ஸ்பிரிங்கை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள், வயர் இருந்தால் பிளக்கையும். வீல் போல்ட் 120, எதிரெதிராக, வண்டி தரையில் நிற்கும்போது.

அப்புறம் வண்டியை எடுக்கும் முன் பெடலை மிதியுங்கள். பெடல் கெட்டியாகும்வரை பத்து, பதினைந்து தடவை. தள்ளி வைத்த பிஸ்டன் பேடை வந்து தொடும்வரை பிரேக் என்று ஒன்று கிடையவே கிடையாது. என் மச்சான் இதைக் கேட்காமல் ரிவர்ஸ் போட்டார். பெடல் தரையைத் தொட்டது, பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி சாலைக்கு நடுவே போய் நின்றது. ஆயில் மட்டத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழக்குவது

காலியான சாலையில் மணிக்கு 80 கி.மீ.லிருந்து 15 வரை மிதமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். எட்டு, பத்து தடவை, நடுவில் கொஞ்சம் ஓடவிட்டு. வாசம் வரும், வரட்டும். பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தபடி நின்றால் பேட் பொருள் டிஸ்க்கில் அச்சாகப் பதிந்துவிடும், வீட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக்கையும் சற்று நேரம் போடாதீர்கள், கியரில் விட்டு வையுங்கள். பெடலில் தெரியும் மாற்றம் பெரிதல்ல. பேட் அச்சிலிருந்து 12 மி.மீ. தள்ளிப் பிடிப்பதால் அதே அழுத்தத்துக்கு முன்பக்கம் பத்து சதவீதம் போலக் கூடுதலாகப் பிடிக்கும். பின் பிரேக் இறுகிக் கிடந்தால் அந்த வித்தியாசம் இன்னும் மோசமாகத் தெரியும், அதனால் பின் காலிப்பரின் ஹேண்ட் பிரேக் லீவர் முழுதாகத் திரும்புகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் போல்ட்டை மறுபடி சரிபாருங்கள்.

பிரிட்டனில் இருப்பவர்கள் இன்சூரன்ஸுக்கு ஒரு போன் போட்டு மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். கம்பெனி பாகம்தானே என்று சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த அன்று அதுவே பிரச்சினையாகும்.

கடைசியாக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். 15 அங்குல இரும்பு வீலாக இருந்தால் இனி அது முன்னால் ஏறாது. முன் டயர் பஞ்சரானால், பின் வீலைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்ட வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு மழையில் நனைந்துகொண்டே நான் கண்டுபிடித்தது இது.