மோட்டார் தள்ளுவண்டிக்கு உதறாத கைப்பிடி செய்வது எப்படி?

சுமைவண்டியில் மோட்டாரைப் பூட்டி ஓட வைப்பது பெரிய வேலை இல்லை. நாம் எவ்வளவு தள்ளுகிறோம் என்று கைப்பிடி உணர்ந்து, அந்த அளவுக்கு மோட்டார் கைகொடுக்க வேண்டும் என்றால்தான் தலைவலி ஆரம்பிக்கும். சென்சாரை மாட்டித் தள்ளிப் பார்த்தால் வண்டி முன்னும் பின்னும் உதறும். என் வண்டியும் உதறியது. உடனே விலை கூடிய சென்சாரைத் தேட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு இரண்டே இடத்தில்தான்: கைப்பிடியின் எடை, அளவீடு வந்துசேரும் தாமதம்.

மோட்டார், அதை இயக்கும் டிரைவர் போர்டு, நிரல் ஓடும் ஆர்டுயினோ போர்டு எல்லாம் கை பழகியவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: லோடு செல்லை நிறுத்தும் விதம்

சமையலறைத் தராசுக்குள் இருக்குமே, அதே மாதிரியான அலுமினியக் கட்டை லோடு செல் (விசையை மின்னழுத்தமாகக் காட்டும் சென்சார்) போதும். 20 கிலோ அளவில் இரண்டு, இடது வலது பக்கத்துக்கு ஒவ்வொன்று. ஸ்பிரிங்கும் பொட்டென்ஷியோமீட்டரும் வைத்துச் செய்பவர்களும் உண்டு. விலை குறைவுதான், ஆனால் பிடி கொழகொழவென்று ஆடும், எனக்குப் பிடிக்காது.

கட்டையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கீழ்முனை வண்டிச் சட்டத்தில், மேல்முனை கைப்பிடியில். அதன் மேல் உள்ள அம்புக்குறி தள்ளும் திசையில் இருக்க வேண்டும். இப்படி வைத்தால் யாராவது கைப்பிடியில் சாய்ந்தாலும் அந்தப் பாரம் கட்டையின் நீளவாக்கில் இறங்கிவிடும், தள்ளுவதாகப் பதிவாகாது. 5 டிகிரி சாய்த்து மாட்டினாலே 20 கிலோ பாரத்தில் ஏறக்குறைய 1.7 கிலோ தள்ளுவிசையாகக் காட்டும். ஆள் சாய்ந்ததும் வண்டி கிளம்பிவிடும்.

கட்டையின் நடுப்பகுதி எதையும் தொடக் கூடாது. இரு முனையிலும் வாஷர் வைத்துத் தூக்கிவிடுங்கள். சுவரில் மோதினால் செல் வளையாமல் இருக்க, ஒரு மி.மீ.க்கும் குறைவான இடைவெளியில் ஒரு தடுப்பு போல்ட் அவசியம்.

படி 2: குறுக்குக் குழாய்

தனித்தனிப் பிடிகளைவிட ஒரே குழாய் எனக்கு வசதி. ஒற்றைக் கையால் நடுவில் பிடித்தாலும் வண்டி நேராகப் போகும். ஆனால் இரண்டு முனையையும் இறுக்கி முடுக்கினால், சட்டத்தில் உள்ள சின்னக் கோணலே செல்களை முறுக்கி, கை வைக்காமலேயே எண் காட்டும். ஒரு முனையை இறுக்குங்கள், மறுமுனைக்கு ரப்பர் புஷ் கொடுங்கள்.

குழாய் லேசாக இருக்கட்டும். வண்டி சட்டென முன்னேறும்போது கைப்பிடியின் எடை பின்தங்கும். யாரோ பின்னால் இழுப்பதாக சென்சார் நினைக்கும். மோட்டார் வேகத்தைக் குறைக்கும். குறைந்ததும் அதே எடை முன்னால் முட்டும், மோட்டார் மறுபடி கூட்டும். இதுதான் உதறல். திரை, பேட்டரிப் பெட்டி எதையும் கைப்பிடியில் மாட்டாதீர்கள். 2 கிலோ குழாய், தரை மேடுபள்ளத்தில் ஒரு குலுக்கு குலுங்கினால் 20 நியூட்டன் பொய்விசை சாதாரணமாக வரும்.

படி 3: எச்எக்ஸ்711, இங்கேதான் சிக்கல்

லோடு செல் தரும் மின்னழுத்தம் முழுப் பாரத்திலும் சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கி எண்ணாக்க எல்லோரும் எச்எக்ஸ்711 போர்டைத்தான் வாங்குகிறோம். நல்ல சிப். ஆனால் கடையில் கிடைக்கும் பல போர்டுகளில் அளவீட்டு வேகத்தைத் தீர்மானிக்கும், சிப்பின் 15ஆம் பின் கிரவுண்டில் கட்டப்பட்டிருக்கும். அப்போது விநாடிக்கு 10 அளவீடுதான் வரும். அதைவிட மோசம், விசை மாறிய பிறகு எண் நிலைக்கு வர 400 மில்லிவிநாடி. எடை பார்க்க அது போதும். விநாடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் வேகத்தில், நீங்கள் தள்ளுவதை நிறுத்தியது வண்டிக்கு முழுசாகத் தெரிவதற்குள் 40 செ.மீ. போயிருக்கும்.

அந்தப் பின்னைச் சாலிடர் விட்டு மெல்லத் தூக்கி, பக்கத்திலேயே உள்ள 16ஆம் பின்னோடு இணையுங்கள். விநாடிக்கு 80 அளவீடு, 50 மில்லிவிநாடித் தாமதம். இரண்டு செல்லுக்கும் ஒரே சிப்பை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி காத்திருக்க வேண்டும். இரண்டு போர்டு வாங்கிவிடுங்கள்.

எண் துள்ளுகிறதே என்று 10 அளவீட்டின் சராசரி எடுக்கத் தோன்றும். எடுத்தால் இன்னும் 50 மில்லிவிநாடிக்கு மேல் தாமதம் சேர்ந்து, உதறல் திரும்ப வரும். முறுக்கிய ஷீல்டு ஒயர் போட்டு, மோட்டார் ஒயரிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். துள்ளல் பாதி அடங்கும்.

படி 4: கணக்கு

விசையை நேராக மோட்டாருக்குக் கொடுக்காமல், ஒரு கற்பனை வண்டியைத் தள்ளுவதாக வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும்:

வேகம் = வேகம் + (விசை − உராய்வு × வேகம்) ÷ நிறை × நேர இடைவெளி

இப்படி வரும் வேகம்தான் மோட்டாருக்கு இலக்கு. விசை என்பது இரு செல்களின் கூட்டல், திருப்பத்துக்கு வித்தியாசம். உராய்வு 40, நிறை 40 என்று தொடங்கினால், 40 நியூட்டன் தள்ளலுக்கு விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் கிடைக்கும். வண்டி மந்தமாக இருந்தால் நிறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். உதறத் தொடங்கியதும் நிறையை ஒரு படி கூட்டி, அதோடு விட்டுவிடுங்கள். சுழிக்கு அருகே சில நியூட்டன் விசையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

படி 5: பாதுகாப்பு

அவசர ஸ்விட்ச் மென்பொருள் வழியாகப் போகாமல் மோட்டார் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். பிடியில் ஒரு தொடு சென்சார் வைத்து, கை எடுத்தால் இலக்கு வேகம் சுழியாகட்டும். எச்எக்ஸ்711 தரும் எண் 8388607 அல்லது −8388608 என்று நின்றால் செல்லின் ஒயர் அறுந்திருக்கலாம், உடனே நிறுத்துங்கள். முதல் சோதனை சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்துத்தான்.

பின்சேர்க்கை: கையை எடுத்ததும் வண்டி பின்னால் நகர்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஸ்விட்ச் போட்டதும் வரும் அளவீட்டை நிரல் சுழியாக எடுத்துக்கொண்டால், அப்போது கைப்பிடியைத் தள்ளிக்கொண்டே நின்றால் அந்த விசையே சுழியாகப் பதிவாகிவிடும். தொடு சென்சாரில் கை இல்லாதபோது மட்டும் சுழி எடுங்கள். இன்னொருவருக்கு எல்லாம் சரியாக இருந்தும் உதறல் தீரவில்லை. கடைசியில் பார்த்தால் கைப்பிடியில் கருவிப்பை தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பைக்கு ஒரு கொக்கியைச் சட்டத்திலேயே அடித்துவிடுங்கள்.