அமெரிக்கக் கல்லூரி கோச்சுக்கு டென்னிஸ் வீடியோ: எங்கே கோட்டை விடுகிறோம்?

சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) ஒற்றையர் பட்டம் வென்றார். அந்த வழியில் போக நினைக்கும் பிள்ளைகள் அணியில் இடம் கேட்டு முதலில் கல்லூரி கோச்சுகளுக்கு ஒரு வீடியோ அனுப்ப வேண்டியிருக்கும். பலர் சறுக்குவது அங்கேதான்.

ஆகப் பெரிய தவறு, வின்னர்களை (எதிராளி தொட முடியாமல் பாயிண்ட் வாங்கித் தரும் அடிகளை) மட்டும் வெட்டி ஒட்டுவது. பிள்ளை எந்த மட்டத்தில் ஆடுகிறாள் என்று கோச்சுக்கு வீடியோ பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. யூடிஆர் எண்ணும் (மேட்ச் முடிவுகளை வைத்து ஆட்டக்காரரின் மட்டத்தைக் காட்டும் உலகளாவிய மதிப்பீடு) பழைய மேட்ச் முடிவுகளும் அதைச் சொல்லிவிடும். அந்த எண்ணில் தெரியாததைத்தான் அவர் வீடியோவில் தேடுகிறார். அடித்து முடித்ததும் கால் எவ்வளவு சீக்கிரம் நடுவுக்குத் திரும்புகிறது? நெருக்கடியில் இரண்டாவது சர்வ் என்ன ஆகிறது? கையில் இருந்த பாயிண்டைக் கோட்டைவிட்டபின் முகம் எப்படி மாறுகிறது? இதெல்லாம் நாம் வெட்டி எறிகிற இடங்களில்தான் இருக்கிறது. அதனால் முதல் இரண்டு மூன்று நிமிடம் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், வாலி, ஓவர்ஹெட், சர்வ், ரிட்டர்ன் எனப் பயிற்சி அடிகள் இருக்கட்டும். அப்புறம் வெட்டாத சில கேம்கள் போதும். பிள்ளை தோற்ற கேம் ஒன்று அதில் இருந்தாலும் குடி முழுகிவிடாது. ஆனால் எதிரில் ஆடுபவர் சம பலமாக இருக்க வேண்டும். சோப்ளாங்கி எதிராளியை 6-0 என்று அடிப்பதைப் பார்த்து கோச் என்ன தெரிந்துகொள்வார்?

அடுத்தது கேமரா. அப்பா கேலரியில் உட்கார்ந்து பக்கவாட்டில் எடுத்த வீடியோவில் பாதி நேரம் பந்தே தெரியாது. பிள்ளை நிற்கும் பேஸ்லைனுக்குப் பின்னால், வேலிக்கு மேலே எட்டும் உயரத்தில், போனைக் குறுக்காக வைத்து அசையாமல் நிறுத்துங்கள். பந்து எதிர்ப் பக்கம் எவ்வளவு ஆழமாக விழுகிறது என்பது தெரிய முழுக் கோர்ட்டும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். வேலிக் கம்பி வழியாக எடுத்தால் போகஸ் கம்பியில் போய் நிற்கும்.

டபுள்ஸை மறப்பவர்கள் நிறைய. என்சிஏஏ-வின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1 கல்லூரி மேட்சில் மூன்று டபுள்ஸ் ஆட்டங்கள் நடக்கும், அதில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு பாயிண்ட். மொத்தமே ஏழு பாயிண்ட்தான் என்பதால் அந்த ஒன்றின் மதிப்பைக் கோச் நன்றாக அறிவார். வலைக்கு அருகில் பிள்ளை ஆடும் சில நிமிடங்களையாவது சேருங்கள்.

பாட்டு வேண்டாம். பதிப்புரிமைப் பிரச்சினையில் யூடியூப் ஒலியை நிறுத்திவிடலாம்; தவிர, பந்து ராக்கெட்டில் படும் சத்தமே கோச்சுக்கு ஒரு தகவல். ஸ்லோமோஷனும் பெயர் சுழன்று வரும் அனிமேஷனும் கல்யாண வீடியோவுக்குச் சரி. பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, யூடிஆர், உயரம், எந்தக் கை, மின்னஞ்சல் ஆகியவை முதல் சில நொடிகளில் ஒரே திரையில் வந்தால் போதும்.

அனுப்பும்போது இன்னொரு சின்ன விஷயம் கவிழ்த்துவிடும். யூடியூபில் 'பிரைவேட்' என்று வைத்துவிட்டு லிங்கை அனுப்பினால் கோச்சால் திறக்க முடியாது, அனுமதி கேட்டுக்கொண்டும் இருக்க மாட்டார். லிங்க் உள்ளவர்கள் பார்க்கக்கூடிய 'அன்லிஸ்டட்' என்று வையுங்கள். வேறொருவர் போனில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பதில் வரவில்லை என்று உடனே மனம் உடைவதும் தவறுதான். டிவிஷன் 1 டென்னிஸில் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன்னால், சேர்ப்பது பற்றிக் கோச் பதில் எழுத விதியே இடம் தராது. முகாம் அறிவிப்பு, கேள்விப் படிவம் போன்றவை மட்டும் வரலாம். பிள்ளை முன்கூட்டியே எழுதத் தடையில்லை. அந்தத் தேதி நெருங்கும்போது புதிய மேட்ச் ஒன்றைச் சேர்த்து வீடியோவை மறுபடி அனுப்புங்கள்.