ஒரே கோப்பில் இரண்டு பேர்

ஒரு கட்டற்ற மென்பொருளின் தமிழாக்கக் குழுவை நான் பொறுப்பேற்றபோது ஏழு பேர் இருந்தோம். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரே பிஓ கோப்பை (மென்பொருளின் மூல வரிகளும் அவற்றின் மொழிபெயர்ப்பும் இருக்கும் கோப்பு) இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து அனுப்பினார்கள். பிந்தி வந்தது முந்தி வந்ததை அழித்துவிட்டது. பத்து நாள் உழைப்பை இழந்த தம்பி அப்புறம் குழுப் பக்கமே வரவில்லை. அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

லினக்ஸ் கணினிகளில் திரைமுகப்பாக வரும் க்னோம் மென்பொருளின் மொழிபெயர்ப்புக் குழுக்களில் ஒரு கோப்பை ஒருவர் பெயரில் ஒதுக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதையே எடுத்துக்கொண்டோம். கூடவே ஒரு விதி: 14 நாள் அசைவில்லை என்றால் கோப்பு தானாகப் பொதுவுக்குத் திரும்பும். யாரும் காரணம் கேட்கக் கூடாது. தேர்வு, கல்யாணம், வேலை என்று ஆயிரம் இருக்கும், சம்பளமில்லாமல் வருபவரிடம் விளக்கம் கேட்பது சரியல்ல.

சொற்கள்தான் பெரிய தலைவலி. ஒரே மெனுவில் ஃபோல்டருக்கு ஓரிடத்தில் ‘கோப்புறை’, அடுத்த வரியில் ‘அடைவு’. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அறுபது சொற்களை முடிவு செய்தோம். எனக்கு அடைவு பிடிக்கும், பெரும்பான்மை கோப்புறைக்கு. சரி, கோப்புறை.

புதியவர்களுக்கு முதலில் இருபது வரிகள் மட்டும். சதவீதக் குறியோடு வரும் இடக்குறியை (%s போல, நிரல் ஓடும்போது பெயரோ எண்ணோ வந்து அமரும் இடம்) அவர்கள் விட்டுவிடுவார்கள், நிரலே நின்றுபோகலாம். அதனால் சேர்க்கும் முன் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித்தொகுப்பின் சோதனைக் கருவியை ஓட்டுகிறோம். பிழை வந்தால் அன்றைக்கே தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன மாதம் அந்தத் தம்பிக்கு எழுதினேன். ஒரு சின்னக் கோப்பை அவர் பெயரில் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.