தண்ணீரை உள்ளே அடைத்து வைக்கும் தவறுகள்

தென்மேல் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கமும், வடகீழ் பருவத்தில் பதுளைப் பக்கமும் மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒரே தலைவலிதான். காலையில் ஸ்டார்ட் வராது, ஹோர்ன் தானாக அலறும், ஹெட்லைட் விட்டு விட்டு எரியும். மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் ஊரில் வயரிங்கிற்குள் ஈரம் போகவே கூடாது என்பது நடக்காத காரியம். போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செய்வதில்தான் கோளாறு தொடங்குகிறது.

முதல் குற்றவாளி கறுப்பு டேப். வயர்கள் இணையும் சொக்கட்டின் மேல் நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். தண்ணீர் வயரோடு வழிந்து டேப்பின் ஓரத்தால் இறங்கி உள்ளேயே தங்கிவிடும். சில மாதம் கழித்து அவிழ்த்தால் பசை கையில் ஒட்டும், உள்ளே உலோகப் பின்கள் பச்சை பூத்திருக்கும். பச்சை ஏறிய பின்கள் சூடாகி, கடைசியில் சொக்கட்டே உருகும்.

பெற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு சொக்கட்டைப் பிரியுங்கள். கொன்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். பயறு அளவு சிலிக்கன் கிறீஸ் வைத்து மூடுங்கள். டேப் வேண்டாம். வயர் சொக்கட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போகட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அறுந்த வயரை இணைத்தால், உள்ளே பசை உள்ள சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள்.

சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் கன்னை ஹேண்டில் சுவிச்சுக்கும் சீற்றின் அடிப்பக்கத்துக்கும் நேராகப் பிடிக்க விடாதீர்கள். மழை போகாத இடத்துக்கும் அது போகும். தார்ப்பாயைச் சில்லு வரை இறுக்கிக் கட்டுவதும் அப்படித்தான், நிலத்து ஈரம் இரவு முழுக்க உள்ளே வியர்க்கும். அடியில் ஒரு சாண் திறந்திருக்கட்டும்.

கொண்டை ஊசி வளைவு நிறைந்த பாதையில் ஹேண்டில் கழுத்தருகே வயர் ஓயாமல் மடங்கும். அங்கே இறுக்கிக் கட்டினால் உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். லைட்டைப் போட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். மினுங்கினால் அங்கேதான். பியூஸ் போகிறதென்று 10 அம்பியருக்குப் பதிலாக 20 போடுவதோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதோ வேண்டாம்; பிறகு எரிவது வயர்தான்.

றப்பருக்கு எதிரி தண்ணீரை விட எண்ணெய். பளபளப்புக்காக மண்ணெண்ணெய், டீசல், பழைய என்ஜின் ஒயில் பூசினால் பல றப்பர்கள் ஊதி மெதுவாகிவிடும். கழுவச் சவர்க்காரத் தண்ணீரும் மேலே சிலிக்கன் ஸ்பிரேயும் போதும், ஆனால் டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் ஸ்பிரே படக்கூடாது. முன்சில்லைத் தாங்கும் போர்க் (fork) குழாயில் காய்ந்த தேயிலைமலைச் சேற்றை ஈரத்துணியால் துடையுங்கள். அந்த மணல்தான் ஒயில் கசியாமல் தடுக்கும் றப்பர் சீலை (seal) அறுக்கும்.

டிஸ்க் பிரேக் சீல்களில் சாதாரண கிறீஸ் படவே கூடாது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும்: டொட் 4 (DOT 4) ரகப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், நீர் சேர்ந்தபின் 155க்கு இறங்கலாம். நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்குப் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், கொதித்த ஒயிலில் குமிழி வந்து லீவர் பஞ்சாகும். 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், இறக்கத்தில் கியரைக் குறையுங்கள்.