கடலோரச் சென்னையில் மாடித்தோட்டம்: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

மாடித்தோட்டம் போட விரும்புவோர் பெரும்பாலும் விதையையும் பையையும் வாங்கிய பிறகே தண்ணீரைப் பற்றி யோசிக்கிறார்கள். கடலோர நகரத்தில் இந்த வரிசை தலைகீழாக அமைய வேண்டும்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் அந்த இடத்துக்குக் கடல்நீர் புகுந்துவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிகழ்ந்தது இதுதான். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பளவை டிடிஎஸ் மீட்டரால் பாருங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 2,000ஐத் தாண்டினால் அந்த நீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். இடைப்பட்ட அளவாக இருந்தால், சேமித்த மழைநீரையோ ஏசியிலிருந்து வடியும் நீரையோ கலந்து ஊற்றலாம். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரில் உப்பு செறிந்திருப்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்து, தண்ணீருக்கேற்ற பயிரைத் தேர்ந்தெடுங்கள். பீன்ஸ் உப்பைத் தாங்காது. பீட்ரூட்டும் பருப்புக்கீரையும் ஓரளவு தாங்கும். புதியவர்கள் கீரையில் தொடங்குவதே சிறந்தது என்பேன், ஏனெனில் சிறுகீரை ஏறத்தாழ 25 நாள்களில் அறுவடைக்கு வரும், அரைக்கீரையையோ பலமுறை கிள்ளி எடுக்கலாம். நெடுந்தொலைவிலிருந்து லாரிகளில் கோயம்பேட்டுக்கு வந்து சேரும் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் மாடி ஈடாகாது. விரைவில் வாடிவிடும் கீரை, புதினா, மிளகாய் ஆகியவற்றில்தான் வீட்டுச் செலவு உண்மையாகக் குறையும்.

செம்மண், தென்னைநார்க் கழிவு, மட்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து பைகளை நிரப்புங்கள். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால், கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். நனைந்த மண்ணின் எடை அதிகம். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவரோரமாகச் செங்கல் மேல் வரிசையாக வையுங்கள்.

உரத்தை வீட்டிலேயே தயாரியுங்கள். சென்னையில் நாள்தோறும் சேரும் 5,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையில் மட்கக்கூடியது பெரும்பங்கு. கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளில் காற்றுப் புகாமல் புதைந்து மீத்தேனாக மாறும் அதே காய்கறித் தோலை, துளையிட்ட வாளியில் காய்ந்த இலையோடு மாற்றி மாற்றி அடுக்கிக் கிளறிவந்தால், ஓரிரு மாதங்களில் உரம் கிடைக்கும். மீன் வாங்கும் வீடுகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: செதில், குடல், தலை ஆகியவற்றைச் சம எடை வெல்லத்தோடு மூடிய பாத்திரத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் வைத்தால் மீன் அமிலம் என்னும் திரவ உரம் தயார். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி கலந்து மாலையில் தெளியுங்கள்.

கடைசியாக, ஐப்பசி மழைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு நீரைத் தருவது உங்கள் மொட்டைமாடிதான் என்பதால், மண் கரைந்து சென்று அடைக்காதபடி வடிகுழாயின் வாயில் வலை கட்டுங்கள். முதல் நல்ல மழையில் பைகளை மூடாமல் நனைய விடுங்கள். கோடை முழுவதும் மண்ணில் தங்கிய உப்பை அந்த நீர் கரைத்து அடித்துளை வழியாக வெளியேற்றிவிடும்.